குடியிருப்பு நூலகத்தில் ஒரு தமிழ்க் கதை நேரம் பிறக்கும் விதம்

மலேசியத் தலைநகர் கோலாலம்பூரின் செந்தூல் வட்டாரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை ஒட்டியிருக்கும் அந்தச் சிறிய நூலகத்தில், குழந்தைகள் பகுதிக்குள் நுழையுமுன் காலணியைக் கழற்றிவிட வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தாலே எத்தனை பேர் கதை கேட்க வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். போன மாதம் நான் எண்ணியபோது 17 சோடி. அவற்றில் நான்கு பெரியவர்களுடையவை. ஒன்று, வார் தேய்ந்துபோன ஒரு பாட்டியின் செருப்பு. உள்ளே கம்பளத்தில் மலாய்ப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். நூலகப் பணியாளர் சாங் கஞ்சில் என்ற தந்திரச் சருகுமானின் கதையை மலாயில் சொல்லி முடித்தார். அதையே தமிழில் சொல்ல என் முறை வந்தது.

அந்த அரை மணி நேரத் தமிழ் எங்கிருந்து வந்தது, அதே மாநகரின் வேறு பல குடியிருப்புகளில் அது ஏன் வாய்ப்பதில்லை என்று என்னிடம் பல பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். நூலக நிகழ்ச்சிகள் எப்படித் திட்டமிடப்படுகின்றன என்று தெரியாததால்தான் இந்தக் கேள்வி எழுகிறது. தெரிந்துகொண்டால் நம் கையில் இருப்பது எவ்வளவு என்பதும் புரிந்துவிடும்.

முதலில் நிர்வாக அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துன் ரசாக் சாலையில், மலாய்க்காரர்களின் தெங்கோலோக் தலைப்பாகை வடிவில் கூரை அமைந்த தேசிய நூலகம் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்திய அரசைச் சேர்ந்தது. மாநிலங்களில் அந்தந்த மாநில நூலகக் கழகங்கள் இருக்கின்றன. பினாங்குக் கழகத்தின் தலைமையகம் செபராங் ஜெயாவில் உள்ளது. கோலாலம்பூரிலோ, மெர்டேக்கா சதுக்கத்துக்கு அருகிலுள்ள கோலாலம்பூர் நூலகத்தையும் குடியிருப்புகளுக்குள் இருக்கும் சமூக நூலகங்களையும் நடத்துவது மாநகர் மன்றம். ஆகவே செந்தூலிலோ செராசிலோ குடியிருப்பவர் தம் நூலகத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடம் மாநகர் மன்றம். இது தெரியாமல் தேசிய நூலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு குடியிருப்பு நூலகத்தில் பொதுவாக என்னென்ன நடக்கும்? வண்ணம் தீட்டும் போட்டி, புதிர்ப்போட்டி, பள்ளி விடுமுறைப் பட்டறை, பெருநாள் திறந்த இல்ல உபசரிப்பு, சில வேளைகளில் இலவச இரத்த அழுத்தப் பரிசோதனை. இவற்றை வெறும் கூட்டம் சேர்க்கும் வேலை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. புத்தகத்தோடு பழக்கமில்லாத ஒரு குடும்பம் நேராக அலமாரியை நோக்கி நடந்து வராது. வண்ணப் பென்சிலுக்காக வரும் பிள்ளையோடு தாயும் வருகிறார். தாய் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் பின்னால் அலமாரி இருக்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

ஆனாலும் இந்த நிகழ்ச்சிகள் எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது கதை நேரம்தான். அதிலும் தமிழ்க் கதை நேரம். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

தமிழ் இரண்டு வழக்காக வாழும் மொழி. வீட்டில் பேசுவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது இன்னொன்று. மலேசியப் பிள்ளைக்கு இந்த இடைவெளி இன்னும் அகலமானது. வீட்டுத் தமிழில் மலாய்ச் சொற்கள் பல தலைமுறைகளாகக் கலந்து, நம் சொற்களாகவே ஆகிவிட்டன. நாம் பாசாருக்குப் போகிறோம், பிள்ளைக்கு ரோத்தான் பிரம்பைக் காட்டி மிரட்டுகிறோம். அதில் குறையொன்றும் இல்லை. அது நம் வாழ்க்கையின் தடம். ஆனால் ஏழு வயதில் முதலாம் ஆண்டுக்குப் போகும் பிள்ளை பாடநூலைத் திறக்கும்போது 'சந்தைக்குச் சென்றான்' என்று இருக்கிறது. 'சென்றான்' என்ற சொல்லை அவன் வாழ்நாளில் யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை. எழுத்தைக் கூட்டி வாசித்துவிடுவான். அதன் ஓசை அவன் காதுக்குள் ஏற்கெனவே இருந்திருந்தால்தான் பொருள் தானாக வந்து சேரும். காது பழகாத வாக்கியத்தைக் கண் எத்தனை முறை படித்தாலும் அது அந்நியமாகவே நிற்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களைக் கேட்டால் இந்தச் சிரமத்தைப் பக்கம் பக்கமாகச் சொல்வார்கள்.

எழுத்துத் தமிழை ஒருவர் வாய்விட்டு வாசித்து, பிள்ளை மடியிலோ கம்பளத்திலோ சாய்ந்தபடி அதைக் கேட்பதுதான் இந்த இடைவெளிக்கு நான் கண்ட எளிய பாலம். அன்று காலை நான் கையில் வைத்திருந்த படப் புத்தகத்தில் ஒரு மூதாட்டி சந்தைக்குப் போகும் காட்சி இருந்தது. முன்வரிசையில் இருந்த ஐந்து வயதுப் பையன் கையைத் தூக்கினான்.

"டீச்சர், சந்தை என்றால் என்ன?"

நான் வாயைத் திறக்கும் முன்பே பின்னால் இருந்த அவன் பாட்டி சொன்னார்: "பாசார்தான் ஐயா. முன்பு தோட்டத்தில் சம்பளம் போட்ட மறுநாள் கூடுமே, அதுதான் சந்தை."

பையனுக்குத் தோட்டமும் தெரியாது, சம்பள நாளும் தெரியாது. ஆனாலும் தன் பாட்டிக்குத் தெரிந்த ஒன்று புத்தகத்துக்குள் இருக்கிறது என்று அந்தக் கணத்தில் கண்டுகொண்டான். திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தான். அடுத்த பக்கத்தில் வந்த 'கூடை'யை நான் கேட்காமலேயே சொன்னான்.

வாசித்துக்கொண்டே போகாமல் இடையில் நிறுத்தி "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேட்பதும், பிள்ளை சொன்ன பதிலை இன்னும் ஒரு சொல் சேர்த்து நாம் திருப்பிச் சொல்வதும் மொழி வளர்ச்சிக்கு உதவும் என்று 1980களிலிருந்து ஆய்வாளர்கள் சொல்லி வருகிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல், கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே உரக்க வாசித்துக் காட்டுமாறு பெற்றோருக்கு அறிவுறுத்தும்படி தன் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கதை சொன்ன நம் தாத்தா பாட்டிகளுக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

குடும்ப நிகழ்ச்சி என்பதில் 'குடும்பம்' என்ற சொல்லுக்கு இங்கே தனி எடை உண்டு. தேசியப் பள்ளியில் படித்து வளர்ந்த தாய்மார் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்துவிட்டு, அவன் வீட்டுப்பாடத்தைப் பார்க்கும்போது எழுத்துத் தெரியாமல் தவிக்கும் தாயின் கூச்சத்தை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கதை நேரத்தில் அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை. அங்கே யாரும் யாரையும் வாசிக்கச் சொல்லிச் சோதிப்பதில்லை. பிள்ளைக்காகப் பெரிய எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தைப் பிள்ளையின் தோளுக்கு மேலாகப் பார்த்தபடி தாயும் எழுத்துக் கற்றுக்கொள்கிறார். இப்படி 'அம்மா', 'ஆடு' என்று தொடங்கி ஆறு மாதத்தில் பஸ் நிறுத்த அறிவிப்பிலுள்ள தமிழை வாசித்துக் காட்டிய ஒரு தாய் எங்கள் குழுவில் இருக்கிறார். அவர் மகனைவிட அவருக்குத்தான் அதில் பெருமிதம் அதிகம்.

கஞ்சில் கதைக்கு வருகிறேன். சருகுமான், ஆற்றைக் கடக்க வேண்டும். முதலைகளை வரிசையாக நிற்கச் சொல்கிறது. அரசர் விருந்து தருகிறார், எத்தனை பேர் என்று எண்ண வேண்டும் என்கிறது. ஒவ்வொரு முதுகாக மிதித்து 'சத்து, துவா, தீகா' என்று எண்ணிக்கொண்டே அக்கரைக்குப் போய்விடுகிறது. நான் தமிழில் சொன்னபோது மலாய்ப் பிள்ளைகளும் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று கூடவே கத்தினார்கள். பிறகு பஞ்சதந்திரத்துக் குரங்கையும் முதலையையும் எடுத்தேன். இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லித் தப்பித்த குரங்கு. இரண்டிலும் ஆறு, இரண்டிலும் ஏமாந்த முதலை. பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். இந்தப் பிணைப்பு தற்செயலாக வந்ததன்று. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்துதான் மலாய்க்குக் கொண்டுபோனார்; ஆண்டு 1835. கதைகள் மொழி மாறி நடந்த பாதை இந்த மண்ணில் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. ஒரு கம்பளத்தில் இரண்டு மொழியில் கதை சொல்வது அந்தப் பாதையில் நடப்பதுதான்.

மரபு விளையாட்டு நாளிலும் இதே அனுபவம். நூலகம் சோங்காக் பலகைகளை எடுத்து வைத்திருந்தது. மலாய்ப் பாட்டி ஒருவர் ஆடிக் காட்ட, நம் பாட்டி அருகில் உட்கார்ந்து "இது பல்லாங்குழிதானே?" என்றார். பிறகு இருவரும் வேறுபாடுகளைக் கண்டுபிடிக்கத் தொடங்கினார்கள். பலகையில் பக்கத்துக்கு ஏழு குழி. அது இரண்டிலும் உண்டு. சோங்காக்கில் இரு முனையிலும் பெரிய குழி ஒன்று இருக்கும். அதை 'ரூமா', அதாவது வீடு, என்கிறார்கள். ஆடுபவர் காய்களை அங்கே சேமிக்கிறார். நம் பல்லாங்குழியில் அந்த வீடு கிடையாது. வெறுங்குழியைத் துடைத்துவிட்டு அடுத்த குழியிலுள்ளதை அள்ள வேண்டும். ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது 'பசு'. குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம். "நான்கு சேர்ந்தால் பசு" என்று நம் பாட்டி தமிழில் சொன்னதை, பக்கத்தில் இருந்த பேத்தி மலாயில் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு வயது ஒன்பது. இரண்டு மூதாட்டிகளுக்கு நடுவில் அவள் செய்த அந்த மொழிபெயர்ப்புக்கு எந்தத் தேர்விலும் மதிப்பெண் இல்லை. அந்த அரை மணி நேரத்துக்காக மட்டுமே நான் அந்த நூலகத்துக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

இப்போது கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் முறையான தமிழ்க் கல்வி 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்போடு தொடங்கியதாகக் கொள்வது வழக்கம். அடுத்த ஆண்டே, 1817இல், அதே ஜார்ஜ்டவுனில் பினாங்கு நூலகம் உருவானது. ஆனால் அது சந்தா கட்டிய சிலருக்கான நூலகம். ஒரே ஊரில் தமிழ் வகுப்பும் நூலகமும் ஓராண்டு இடைவெளியில் பிறந்தும், அந்த வகுப்பில் படித்தவன் அந்த நூலகத்துக்குள் போயிருக்க வழியில்லை. நூலகக் கதவு எல்லாருக்குமாகத் திறக்க இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

அந்த இடைக்காலத்தில் நம்மவர்கள் வாசிக்காமல் இருந்தார்களா? இல்லை. தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எழுத்தறிந்த ஒருவர் தமிழ் நேசனையோ தமிழ் முரசையோ உரக்க வாசிப்பார். பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். முடிதிருத்தும் கடையிலும் அதுவே. ஒரு பத்திரிகைக்கு ஒரு வாசகர் என்ற கணக்கு அங்கே பொருந்தாது. கதை நேரம் என்று இன்று நாம் அழைப்பது அந்தப் பழக்கத்தின் பேரப்பிள்ளை. புத்தகத்துக்காகச் சாதாரண மக்கள் கைக்காசு கொடுத்த வரலாறும் நமக்கு உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று 1950களில் தமிழ் முரசின் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது, தோட்டத் தொழிலாளர்களும் அன்றாடக் கூலிகளும் தம்மால் இயன்றதைப் போட்டார்கள். அந்தப் பணம் பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ் நூல்களாக அடுக்கப்பட்டது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள் பலர், தாங்கள் ஒருபோதும் படிக்கப்போகாத புத்தகங்களுக்காகக் கொடுத்த வெள்ளி அது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபின், அந்தக் குடும்பங்களில் பல நகரத்துப் புறம்போக்குக் குடிசைகளுக்கும் நீள்வீடுகளுக்கும் வந்து, கடைசியில் மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் அடுக்குமாடிகளில் குடியேறின. கோலாலம்பூரில் அந்த வீட்டின் மாத வாடகை 124 ரிங்கிட். ஏறக்குறைய 700 சதுர அடி, மூன்று அறை. ஆறேழு பேர் வாழும் வீட்டில் ஒரு பிள்ளை புத்தகத்தை விரித்து உட்கார மூலை கிடைப்பது அரிது. யூனிசெஃப் 2018இல் வெளியிட்ட ஆய்வு, கோலாலம்பூரின் 17 மலிவு விலை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 966 குடும்பங்களைச் சந்தித்தது. குழந்தைகளுக்கான புத்தகம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் அவற்றில் கணிசம். அந்தக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் குளிர்சாதன வசதியும் மேசையும் கதவு சாத்தினால் அமைதியும் கொண்ட ஓர் அறை இருப்பது அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அறை இருக்கிறது. தமிழ்ப் புத்தகம் இருக்கிறதா?

பெரும்பாலான நூலகங்கள் பின்பற்றும் டூயி வகைப்பாட்டில் தமிழ் இலக்கியத்துக்கு எண் 894.811. உங்கள் நூலகத்தில் அந்த எண்ணைத் தேடிப் போய்ப் பாருங்கள். சில இடங்களில் ஓர் அலமாரி இருக்கும். சில இடங்களில் அரைத் தட்டு. குழந்தை நூல்கள் அதில் இன்னும் குறைவு. இருப்பதையும் கண்டுபிடிப்பது கடினம். நூலகப் பட்டியலில் தமிழ்த் தலைப்புகளைப் பெரும்பாலும் ரோமன் எழுத்தில், அதற்கென வகுத்த ஒலிபெயர்ப்பு முறைப்படி பதிகிறார்கள். அந்த முறையில் 'ழ'கரம் அடிக்கோடிட்ட 'எல்' ஆகிறது. கம்பனை Kamban என்று தேடினால் கிடைக்கமாட்டார்; அங்கே அவர் Kampan. நாம் 'b' என்று உச்சரிக்கும் இடத்திலும் பகரத்துக்கு அங்கே 'p' எழுத்தே வரும். முறை அறிவியல்பூர்வமானது, நியாயமானதும்கூட. நூலகர்களுக்குள் குழப்பம் வராமல் காக்கிறது. ஆனால் தன் கைப்பேசியில் தமிழில் தட்டித் தேடும் ஒரு தாய்க்கு 'நூல் இல்லை' என்றே பதில் வருகிறது. நூல் மூன்றடி தூரத்தில் இருக்கும். பட்டியலில் தமிழ் எழுத்தையும் சேர்த்துப் பதியும் வசதி இன்றைய கணினி முறைகளில் இருக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரிந்த பணியாளர் ஒருவர் கிடைத்தால் இந்தக் குறையில் பாதி தீர்ந்துவிடும்.

அலமாரி ஏன் மெலிந்திருக்கிறது என்பதற்கும் காரணங்கள் உள்ளன. பொது நூலகம் நூல்களைப் பெரும்பாலும் பதிவுபெற்ற விநியோகிப்பாளர்கள் வழியே வாங்குகிறது. மலேசியத் தமிழ் நூல்களோ பெரும்பாலும் எழுத்தாளரே சொந்தப் பணத்தில் சில நூறு படிகள் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் விற்பவை. விழா முடிந்ததும் மிச்சப் படிகள் எழுத்தாளர் வீட்டுக் கட்டிலுக்கடியில் பெட்டியாகக் கிடக்கும். விநியோகிப்பாளரின் பட்டியலில் அந்த நூலின் பெயரே இராது. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சிட்ட ஒவ்வொரு நூலின் 5 படிகளை ஒரு மாதத்துக்குள் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். இதைத் தண்டச் செலவு என்று கருதும் எழுத்தாள நண்பர்களிடம் நான் வாதாடியிருக்கிறேன். ஐந்து படி கொடுத்தால் நூல் நாட்டின் நூற்பட்டியலில் ஏறும். பட்டியலில் ஏறாத நூலை எந்த நூலகரும் தேடி வாங்க முடியாது.

சீர்காழியில் பிறந்து உலக நூலகவியலுக்கே இலக்கணம் வகுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் சொன்ன ஐந்து விதிகளில் இரண்டாவது, வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல். மூன்றாவது, நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர். 1994இல் திருத்தப்பட்ட யுனெஸ்கோ பொது நூலக அறிக்கையும் மொழிச் சிறுபான்மையினருக்குரிய சேவையையும் நூல்களையும் பொது நூலகம் தர வேண்டும் என்கிறது. ஆகவே தமிழ் அலமாரியைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. கேட்கும் முறையை மட்டும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அந்த முறை இதுதான். ஒரு கிளை நூலகத்தின் நிகழ்ச்சிகளும் வாங்கும் நூல்களும் அடுத்த ஆண்டின் நிதி ஒதுக்கீட்டோடு சேர்ந்தே முடிவாகின்றன. நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. தைப்பொங்கலுக்குக் கோலப்போட்டி வைக்கலாமே என்று ஜனவரி முதல் வாரத்தில் போய்க் கேட்டால், நூலகர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கைவிரிப்பார். அதே வேண்டுகோள் முந்தைய ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு பக்கக் கடிதமாகப் போயிருந்தால், அவர் தம் திட்ட வரைவில் அதை ஒரு வரியாகச் சேர்த்திருப்பார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் செய்த தவறு இதுதான். வேறொரு நூலகத்தில், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது போய் நின்றோம். முகப்பில் இருந்தவர் தமிழ் நிகழ்ச்சிக்கு ஆள் வராது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அந்தச் சொல் வெகுநாள் உறுத்தியது. பிறகுதான் அவர் எந்த எண்களைப் பார்த்துப் பேசினார் என்று புரிந்தது.

நூலகம் மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் வருவது எண்கள்: எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எத்தனை நூல்கள் இரவல் போயின, எந்த நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் வருகைப் பட்டியலில் பெயர் எழுதினார்கள். நம்மவர்களில் பலர் பிள்ளையைக் கூட்டிவந்து, கதை கேட்டு, பெயர் எழுதாமல் போய்விடுகிறார்கள். தமிழ் நூலை அங்கேயே உட்கார்ந்து வாசித்துவிட்டு அலமாரியில் செருகிவிடுகிறார்கள். அந்த வாசிப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆண்டு முடிவில் 894.811இல் இரவல் போன நூல் பூஜ்யம் என்று காட்டினால், புதுத் தமிழ் நூலுக்குப் பணம் கேட்க நூலகருக்கு ஆதாரம் ஏது? வாசலில் ஒரு கையெழுத்து, முகப்பில் ஒரு முத்திரை. இந்த இரண்டும்தான் அடுத்த ஆண்டுத் தமிழ் நூலை வாங்குகின்றன. இதை நான் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் சொல்லும்போது, இவ்வளவு எளிதா என்று வியக்கிறார்கள்.

பள்ளிகளில் மாணவர்கள் படித்த நூல்களைப் பதியும் நிலாம் திட்டம் இருக்கிறது. பதிவேட்டை நிரப்பப் பிள்ளைகளுக்கு நூல் தேவைப்படுகிறது. பள்ளி நூலகத்தில் உள்ளதையே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். குடியிருப்பு நூலகத்தையும் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியையும் இணைத்து, வகுப்பு வகுப்பாக மாதம் ஒருமுறை கூட்டிவந்தாலே இரவல் எண் ஏறிவிடும். நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் எத்தனை பள்ளிகள் பக்கத்து நூலகத்தோடு இப்படிப் பேசியிருக்கின்றன என்று தலைமையாசிரியர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

கோலாலம்பூர் 2020இல் யுனெஸ்கோவின் உலகப் புத்தகத் தலைநகராக இருந்தது. ஏப்ரல் 23இல் தொடங்க வேண்டிய ஆண்டு. மார்ச் 18இலேயே நடமாட்டக் கட்டுப்பாடு வந்து நூலகக் கதவுகள் மூடிவிட்டன. கதைகள் கைப்பேசித் திரைக்குப் போயின. அதன்பின் 2021 முதல் 2030 வரை தேசிய வாசிப்புப் பத்தாண்டு என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. பத்தாண்டில் பாதி கடந்துவிட்டது. இந்தப் பெயரில் ஒதுக்கப்படும் நிகழ்ச்சிகளில் தமிழுக்கும் பங்கு கேட்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

சிரமங்கள் இல்லாமல் இல்லை. சனிக்கிழமை காலை டியூசன் வகுப்புகளின் நேரம். முறைவேலை பார்க்கும் தந்தைக்கு அது தூங்கும் நேரம். இதற்காகத்தான் எங்கள் கதை நேரத்தை மாதம் ஒருமுறை மட்டும், அரை மணி நேரம் மட்டும் என்று வைத்திருக்கிறோம். நீட்டினால் கூட்டம் குறையும். கதை சொல்பவர் புலவராக இருக்கத் தேவையில்லை. பிள்ளைகளின் கண்ணைப் பார்த்து நிறுத்தி வாசிக்கத் தெரிந்தால் போதும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் நம் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் இருக்கிறார்கள். யாராவது வந்து கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பவர்கள் அவர்களில் நிறையப் பேர்.

அன்று கதை முடிந்ததும், தேய்ந்த செருப்புக்குச் சொந்தக்காரரான அந்தப் பாட்டி பேரனைக் கையில் பிடித்தபடி முகப்புக்கு வந்தார். உறுப்பினர் ஆக வேண்டுமாம். அடையாள அட்டையான மைகார்டை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்து எடுத்துக் கொடுத்தார். படிவத்தை நான் நிரப்பிக் கொடுக்க, கையெழுத்தை மட்டும் அவரே தமிழில் போட்டார், ஒவ்வோர் எழுத்தாக. சந்தை வரும் அந்தப் படப் புத்தகத்தைப் பேரன் விடாமல் நெஞ்சோடு அணைத்திருந்தான். பணியாளர் அதை வாங்கி, திருப்பித் தர வேண்டிய நாளை முத்திரையிட்டார்.

பாட்டி அந்தத் தேதியை உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அன்றைக்கும் கதை உண்டா அம்மா?"

"அன்றைக்கு இல்லை பாட்டி. அதற்கடுத்த சனிக்கிழமை."

"அப்படியென்றால் இதைக் கொடுத்துவிட்டு இன்னொன்று எடுத்துப்போகிறோம். கதைக்கு வரும்போது அதைக் கொண்டுவருகிறோம்" என்றார். பிறகு வாசலில் குனிந்து, பேரனின் செருப்பைத் தேடி எடுத்து அவன் காலில் மாட்டினார்.